ஆயிரம் வோல்ட் மாப்பிள்ளை

பாட்டுக் கேட்கும்போது சாகாமல் இருப்பதற்கென்றே பயிற்சி எடுத்த மனிதர், காரைக்குடி வரலாற்றில் ஒத்தக்கை ஒருவர்தான்.

செக்காலைப் பகுதியில் அப்போது அவர் எனக்குப் பக்கத்து வீடு. பகலெல்லாம் செல்போன் பழுதுபார்ப்பார். கடுகளவு சாமான்களோடு மல்லுக்கட்டிய ஆத்திரத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டார். அங்கே பாட்டுக் கேட்க அவர் கட்டியிருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஆட்டுக்கல் கனம். ஏதோ ஒரு வானொலி நிலையம் கழித்துப்போட்ட இரண்டு கண்ணாடி வால்வுகள், ஒவ்வொன்றும் சொம்பு பருமன். அவை எரிகிற வெளிச்சத்தில் பேப்பர் படிக்கலாம். உச்சியில் இருக்கும் உலோகத் தொப்பியைத் தொட்டால் மறுநாள் பேப்பரில் நாமே வரலாம்.

ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் அதை முடுக்கினால் எதிர்வீட்டு மிக்ஸி திணறும்.

"தம்பி, சட்னி அரைச்சுக்கிறேன், செத்தப் பொறுத்துப் போடுங்க!" என்று எதிர்வீட்டு ஆச்சி குரல் கொடுப்பார்.

ஆனால் நாகஸ்வரம் போட்டாரென்றால், வித்வான் மூச்சு இழுப்பது நம் பிடரியில் படும். அதற்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன்.

"ஒரு கையில ஏறுன கரண்டு மறு கை வழியா இறங்குனா, நடுவுல நெஞ்சுல்ல இருக்கு?" என்பார். அதனால் இடது கையை முதுகுக்குப் பின்னால் வேட்டிக் கட்டில் செருகியே வேலை செய்வார். வேலை நேரத்தில் மட்டும் என்றால் மறந்துவிடுமாம். நாள் முழுக்கவே அப்படிப் பழகி, 'ஒத்தக்கை' என்ற பட்டப்பெயரும் வாங்கிவிட்டார். அரியக்குடி கோயிலில் துளசி வாங்குவதும் ஒற்றைக் கையால்தான். பட்டர் முறைத்தார். பெருமாள் பழகிக்கொண்டார்.

அவருக்குப் பெண் பார்க்க மானகிரிக்குப் போனோம். இதுவும் தவறினால் கைவசம் வேறு வரன் இல்லை என்று தரகர் எச்சரித்திருந்தார். பெண்ணைப் பார்த்ததும் இவர் காபியை மறந்தார். பெண்ணுக்கும் சம்மதம் என்று முகமே சொன்னது. அவள் அப்பா வெற்றிலைத் தாம்பாளத்தை நீட்டினார். இவர் ஒரு கையை நீட்டினார்.

"அந்தக் கை என்ன, வெளியூர் போயிருக்கா?"

"இல்லீங்கய்யா, பின்னால பத்திரமா இருக்கு."

தாம்பாளம் உள்ளே திரும்பிப் போனது.

"இம்புட்டுத் திமிரு ஆகாது" என்றார் அப்பா.

கை பின்னால் போனதற்குக் காரணமான ஆம்ப்ளிஃபயர் கதையை நான் சொன்னேன். பெண் விடவில்லை. "அந்தப் பொட்டியை ஒரு தடவை பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்கப்பா."

மறுவாரம் இருவரும் வந்தார்கள். நாகஸ்வரம் கேட்டு அப்பாவின் தலை தானாக ஆடியது. பாட்டு முடிந்ததும் ஒத்தக்கை சுவிட்சை அணைத்துவிட்டுக் காபி எடுக்கத் திரும்பினார். அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

"அணைச்சாச்சுல்ல?" என்று எழுந்து, பளபளத்த தொப்பியை நோக்கி விரலை நீட்டினார்.

டம்ளர் பறந்தது. ஒத்தக்கை பாய்ந்து, இரண்டு கைகளாலும் பெரியவரின் இடுப்பைக் கட்டி இழுக்க, இருவரும் சுவரோரம் உருண்டார்கள். யார் வேட்டி எங்கே கிடந்தது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

"மாமா, அது செத்த மாதிரி நடிக்கும்" என்றார் ஒத்தக்கை, பிடியை விடாமல்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "தாம்பாளத்தை ஒத்தக் கையால வாங்க வந்த பய, என்னைய ரெண்டு கையாலயும்ல வாங்கிக்கிட்டான்!"

பெண் சிரித்த சிரிப்பிலேயே நிச்சயம் முடிந்துவிட்டது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பெட்டி கம்பிக் கூண்டுக்குள், கூண்டுச் சாவி அவளிடம்.

நான் வீடு மாறிவிட்டேன். ஆனாலும் மாலையில் அந்தத் தெரு வழியாகத்தான் திரும்புகிறேன். பாட்டுக் கேட்டால், ஆள் நலம் என்று போய்விடுவேன். கேட்காத நாளில் கதவைத் தட்டாமல் போனதில்லை.