மாமா போட்ட ஏழு தெருக்கள்

மாத்தளை
13.1.1966

பெருமதிப்புக்குரிய ஜைனுதீன் மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கலேவெலயில் நீங்களும் மாமியும் நோன்போடு சுகமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே நாங்கள் சுகம். உங்கள் தெருக்களும் சுகம்; நடக்க ஆளில்லாததால் தேயாமல் இருக்கின்றன.

கொக்கோத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வாங்கிய ஏழு குடும்பமும் "பொம்புளப் புள்ளைகள் ஈக்கிற வீடு, முன்னால அந்நிய ஆள் நடக்கப்படாது" என்று கேட்டதும், யார் மனமும் நோகாமல் ஆளுக்கொரு தெரு போட்டு, ஒன்றையும் மற்றதோடு சேரவிடாமல் நிறுத்தி, முடிவில் நீளமாய் மதிலும் கட்டினீர்கள். மதிலுக்கு அப்பால்தான் நூலகம். முன்பு மரங்களுக்கிடையே ஐந்து நிமிடம். இப்போது பெரிய வீதிக்கு இறங்கிச் சந்தையைச் சுற்றி முக்கால் மணி. நகரம் வளர்கிறதென்று வாப்பாவுக்குப் பெருமை. வளர்கிறதுதான், ஒன்றையொன்று தொடாமல். தபால்காரர் இராயப்பன் நேற்று, "ரோடாம்மா இது? சீப்பும்மா! ஒவ்வொரு பல்லுலயும் ஏறி எறங்கி என் சைக்கிளும் நோன்பு புடிக்குது" என்றார். நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சி கொண்டுவரும் பதுர்தீன் காக்கா ஆறு தெரு முடித்து எங்களிடம் வருமுன் பாங்கு சொல்லிவிடுகிறதென்று, முந்தாநாள் அடுத்த தெருவிலிருந்தே வேலிக்கு மேலாக வாளியை நீட்டினார். உம்மா பிடித்தது மூடியை; கஞ்சி மண்ணில். "நோன்பு தொறக்கிறது யாரு, கோழியா?" என்று உம்மா கத்த, "உங்கட தம்பிக்கிட்டக் கேளுங்க ராத்தா!" என்றார் காக்கா.

இதெல்லாம் பரவாயில்லை. "முக்கால் மணி ஒரு கொமருப் புள்ள ரோட்டுல நடக்கிறதா? பெருநாளோட லைப்ரரிய நிப்பாட்டு" என்று உம்மா சொல்லிவிட்டா. எனக்கு வேறு போக்கிடம் இல்லை மாமா. மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்காவது கதவு வையுங்கள்.

மாமிக்கு என் ஸலாம். உங்கள் நோன்புகளையும் துஆக்களையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

உங்கள் மருமகள்
நூருன்னிஸா

பி.கு. இரண்டு நாளாகத் தபாலில் சேர்க்காதது நல்லதாயிற்று. மதிலைத் தொட வேண்டாம். வாப்பா கெஞ்சியதில் உம்மா இறங்கி, போக முக்கால், வர முக்கால், புத்தகம் மாற்றப் பத்து நிமிடம் என்று சனிக்கிழமைதோறும் ஒரு மணி நாற்பது நிமிடம் தந்துவிட்டா. இன்று பார்க்கிறேன், எங்கள் தெரு முடிகிற இடத்தில், வாழைக்குப் பின்னால், மதிலில் நாலு கல் கழன்று கிடக்கிறது. ஐந்து நிமிடத்தில் நூலகத்தில் இருந்தேன். கதவு வைத்தால் உம்மா இருபது நிமிடம்தான் தருவா. மாமிக்கு வாசித்துக் காட்டும்போது தயவுசெய்து என் கையெழுத்தோடு நிறுத்திவிடுங்கள்.