எனாமலில் கீறல் இல்லை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டும் அவசரத்தில் செய்தவை. ஆற அமர யோசித்து அது கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: 'தொன்மைச் சட்டைப்பைக் கடிகார ரசிகர் சங்கம்'.

சங்கத்தின் தலையாய கொள்கை, கடிகாரம் ஓடக் கூடாது என்பது. சாவி கொடுத்தால் பல்சக்கரம் தேயும். பல்சக்கரம் தேய்ந்தால் மதிப்புத் தேயும். மதிப்புத் தேய்ந்தால் மனிதன் எதற்கு? மணி பார்ப்பதற்காகக் கடிகாரம் வாங்குகிறவனைச் சங்கத்தில் 'பயனாளி' என்பார்கள். அதைவிடக் கெட்ட வார்த்தை அங்கே புழக்கத்தில் இல்லை.

சங்கத்தின் செயலாளர், குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தினமும் தாமதமாகத்தான் வருவார். அலமாரி நிறையக் கடிகாரம் வைத்திருப்பவர் நேரத்துக்கு வந்தால் அது அலட்டல் ஆகிவிடாதா? சங்கத்தின் தலைவர், ஊரில் இருந்த ஒரே பல் மருத்துவர். பழைய கடிகார முகப்பிலும் எனாமல் உண்டு, பல்லிலும் எனாமல் உண்டு. ஆகையால் தலைவர் பதவிக்குப் போட்டியே இல்லை.

செயலாளரிடம் ஒரு கடிகாரம் இருந்தது. மயில்கழுத்து நீலத்தில் எனாமல் முகப்பு. நடுவில், நகக்கண் அளவில், ஊஞ்சலாடும் ஒரு பெண். தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் அவளைக் கேட்பார். செயலாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் மறுப்பார். மற்றபடி சங்கத்தில் நடவடிக்கை என்று எதுவும் கிடையாது.

அப்படியிருக்கையில் செயலாளருக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. கன்னம் பன் ரொட்டியாய் வீங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்க. அந்த வாட்சை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. அவர் கண்ணு சரியில்ல" என்றாள் மனைவி.

"வீட்ல வைக்கவா? போன தடவை நீ என்ன பண்ணே? சாவி கொடுத்துட்டே!"

"ஓடுதான்னு பாத்தேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

"அதைத்தான்டி சொல்றேன், ஓடிடுச்சே!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினார். பிறகு கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் சங்கிலியைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மருத்துவர் தாடையில் ஊசி போட்டார், வாயில் பஞ்சை அடைத்தார், நாற்காலியைச் சாய்த்தார். நாற்காலி சாய்ந்ததும் கைக்குட்டை நழுவியது. ஊஞ்சல்காரி வெளியே எட்டிப் பார்த்தாள். மருத்துவர் மூச்சு விடுவதை நிறுத்தினார்.

"அவளா? எனக்கா கொண்டு வந்தீங்க?"

"ஆ! ஆ!" என்று அலறினார் செயலாளர். பஞ்சைத் தாண்டி அவ்வளவுதான் வந்தது.

"நர்ஸம்மா, கேட்டீங்களா? ஆமாங்கறார்."

"ரெண்டு தடவை சொன்னார் டாக்டர்" என்றாள் நர்ஸம்மா, பொறுப்பாக.

செயலாளர் சங்கிலியைப் பற்றிக்கொண்டார். கடிகாரம் மருத்துவரின் இடக்கையில், குறடு வலக்கையில். கண் முகப்பில், குறடு வாயில். "ஊஞ்சல் கயிறுகூட இழை இழையா தெரியுதே!" என்று உருகியபடி ஓர் இழுப்பு இழுத்தார். செயலாளரும் தன் பங்குக்குச் சங்கிலியை ஓர் இழுப்பு இழுத்தார். 'தடக்' என்று ஏதோ ஒன்று கழன்றது.

செயலாளர் கலங்கிப்போய்க் குனிந்து பார்த்தார். கடிகாரம் அவர் மார்பின் மேல் பத்திரமாகக் கிடந்தது. கழன்றது பல்தான். 'தலைக்கு வந்தது பல்லோடு போயிற்று' என்று கண்களை மூடி நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

மருத்துவர் பல்லை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினார்.

"எனாமல்ல ஒரு கீறல் இல்ல! நிறம் மங்கல. வேர் முழுசா இருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு உருப்படிய நான் பாத்ததே இல்ல!"

செயலாளருக்கு நெஞ்சு விம்மியது. உலகத்தையே சலித்துத் தேடியவருக்கு, தன் வாய்க்குள்ளேயே ஓர் அபூர்வம் இருந்தது தெரியாமல் போய்விட்டதே! நாக்கால் மெல்லத் துழாவினார். சொத்தைப் பல், பக்கத்து வீட்டுக்காரன் காலி செய்த சந்தோஷத்தில், இன்னும் விசாலமாக உட்கார்ந்திருந்தது.

பஞ்சைத் துப்பினார். "டாக்டர், வலிக்கறது இதில்லையே?"

"இல்லதான். அது பக்கத்துல இருக்கு. கை தவறிடுச்சு."

ஒரு பயனாளியாக இருந்தால் அங்கேயே சட்டையைப் பிடித்திருப்பான். செயலாளர் பக்குவப்பட்டவர். "நிஜமாவே அபூர்வமா?" என்று கேட்டார்.

"ரொம்ப அபூர்வம். எனக்கே தந்துடுங்களேன்?"

"தரமாட்டேன்!" என்று பல்லைப் பறித்துக்கொண்டார்.

"சரி, உக்காருங்க. சொத்தையையாவது எடுத்துடறேன்."

மறுபடி சாய்ந்தால் கடிகாரம் மிஞ்சாது என்று செயலாளருக்குப் பட்டது. பல்லை ஒரு கையிலும் கடிகாரத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, துண்டு கழுத்தில் பறக்க, தெருவில் ஓடினார். கூட்டத்தில் எழுந்து நிற்கவே யோசிக்கும் சங்கத்தின் வரலாற்றில், ஓர் உறுப்பினர் ஓடியது அதுவே முதல் முறை.

வீட்டில், பல்லை வெல்வெட் வைத்த பெட்டியில் கிடத்தி மனைவியிடம் நீட்டினார்.

"பாரு. எனாமல்ல ஒரு கீறல் இல்ல!"

அவள் பார்த்தாள். "நல்ல பல்லாச்சே இது? அப்ப வலிச்ச பல்லு?"

"அது வாய்லதான் இருக்கு" என்றார், முனகிக்கொண்டே. ஊசியின் மயக்கம் தெளியத் தொடங்கியிருந்தது.

அவள் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரையில் உட்கார்ந்தும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிராம்பு எண்ணெயை எடுத்து அவர் வாயில் தடவியபடி கேட்டாள்:

"வேலை செய்யறதப் பிடுங்கிப் பெட்டில வைக்கறீங்க. வேலைக்கு ஆகாததக் கூடவே வெச்சுக்கிட்டு அழறீங்க. இதுக்குப் பேரு ரசனைன்னா, வியாதிக்கு என்னங்க பேரு?"