ஏரி மொத்தமும் எங்க நைனாவுக்கு

சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்களோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். என் கணவரால் எனக்கு அந்தக் கஷ்டம் வந்ததே இல்லை. (நிம்மதி!) கம்ப்யூட்டரால்தான் வந்தது.

எண்பதுகளின் கடைசி. பழவேற்காட்டு ஃபாத்திமாவும் பசியாவரத்து நானும் மீஞ்சூரில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் படித்தோம். பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்ய வேண்டும். ஒருத்தி வேலையைப் படிப்படியாகக் குறிப்பெழுதுவாள், மற்றவள் அதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றுவாள். ஃபாத்திமாவின் குறிப்பு அத்தனை அழகு! பெரிய வேலை ஓரத்தில், அதற்குள் அடங்கிய சின்ன வேலை சற்று உள்ளே தள்ளி. படித்தாலே பாதி புரோகிராம் ஓடிவிடும். மீதியைக் கெடுக்கத்தான் நான் இருந்தேனே.

அவள் எடுத்துக்கொண்டது எங்கள் ஊர்ப் பாடு. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று குடும்பங்களுக்கு முறை பிரிப்பதைத்தான் பாடு என்போம். தேறினால் அந்த மாடியிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைக்கும். தவறினால் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று அவள் வாப்பா சொல்லியிருந்தார்.

பரீட்சையன்று மெட்ராஸிலிருந்து தேர்வாளர் வந்தார். வேடிக்கை பார்க்க எங்க நைனாவும் கஞ்சி போட்ட சட்டையில் வந்துவிட்டார். பாடு வரிசையில் முதல் பெயர் அவருடையது. நான் ராஜகம்பீரமாகப் பொத்தானை அமுக்கினேன். திரையில் 'ஆறுமுகம்' என்று வந்தது. அடுத்த வரியில் 'பாடு முடிந்தது' என்று வந்தது. அவ்வளவுதான்.

"ஏரி மொத்தமும் ஒரே ஆளுக்கா?" என்றார் தேர்வாளர்.

நைனா பதறிப்போனார். "இன்னாம்மா இது, நம்ம பேரு மட்டும் வந்துகீது? மத்தவங்கல்லாம் எங்க போவாங்க? ஊர்ல என்னைச் சும்மா வுடுவாங்களா?"

ஃபாத்திமா என் காதருகே குனிந்தாள். "கடைசில 'திரும்பு'ன்னு எழுதியிருந்தேனே, அதுக்கு இன்னாடி போட்டே?"

"முடின்னு போட்டேன். திரும்புன்னா வேலை முடிஞ்சி கரைக்கு வர்றதுதானே?"

(படகில் இருக்கிறவரைப் பார்த்துத் 'திரும்பு' என்றால் எங்கள் வீட்டில் வேறு அர்த்தமே கிடையாது.)

"அடிப்பாவி! அடுத்த பேரை எடுக்கத் திரும்பணும்டி!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே! அவளோ என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிமிர்ந்து, "சார், எங்க திரும்பணும்னு நான் எழுதல. தப்பு என்னுது. ஒரு வரி மாத்திக்கட்டுமா?" என்றாள். மாற்றினாள். பெயர்கள் வரிசையாக இறங்கின. நைனா ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டி, பெருமூச்சு விட்டார். ஃபாத்திமாவுடையதைப் போல ஒரு பெருந்தன்மையை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்க்கவில்லை.

வேலை அவளுக்கே கிடைத்தது. நான் மயிரிழையில் தேறினேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது குழம்பு மீனையெல்லாம் தன் தட்டுக்கே இழுத்துக்கொண்டால், "இன்னா, கம்ப்யூட்டர் பாடா?" என்று கேட்பார்கள். ஃபாத்திமா சாப்பிட வரும்போது மட்டும் சட்டியை அப்படியே அவள் முன்னால் நகர்த்தி, "மொத்தமும் உனக்குத்தாண்டி" என்பேன். அவளோ முதல் துண்டை நைனா தட்டில் போட்டுவிட்டு, "அடுத்த தட்டு!" என்பாள்.