ஆயிரத்தடியாரின் மீன்தொட்டி

தண்ணீரைப் பூமிக்கு அடியிலிருந்து மேலே கொண்டுவருவதில் எங்கள் வீட்டு ஓனரை மிஞ்சத் திருச்செங்கோட்டில் ஆள் கிடையாது. அதே தண்ணீரை மேலிருந்து இரண்டடி கீழே இறக்குவதில் அவரைப்போல் கேவலமாகத் தோற்ற ஆளும் இந்த உலகத்தில் கிடையாது. முதல் விஷயம் நான் கேள்விப்பட்டதுதான். இரண்டாவதற்கு நான் நேரடி சாட்சி, அதுவும் நனைந்த சாட்சி.

தெருவில் அவருக்கு ஆயிரத்தடியார் என்று பெயர். போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வாழ்க்கையைக் கழித்தவர். எந்தப் பேச்சையும் "ஆயிரம் அடி எறக்குனவன் நானு" என்றுதான் தொடங்குவார். டீயில் சர்க்கரை கம்மி என்று சொல்வதற்குக்கூட அந்த ஆயிரம் அடியைத் தாண்டித்தான் வருவார். அவர் மாடியில் குடியிருக்கிறார், நான் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர், ஒருநாள் சேலம் போய் ஓர் ஆஸ்கர் மீனோடு திரும்பினார். கறுப்பு உடம்பு, அங்கங்கே ஆரஞ்சுத் திட்டு, கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பது போன்ற முழி. தினமும் காலையில் தொட்டி முன்னால் கைகட்டி நின்று, "சாமி, சாப்டீங்களா?" என்று அதனிடம் கேட்பார். நான் குடிவந்து இத்தனை வருஷத்தில் என்னை ஒருநாளும் கேட்டதில்லை.

சாமிக்கு நல்ல பசி. தின்பதும் கழிப்பதுமாகத் தண்ணீரைச் சீக்கிரமே சாக்கடை ஆக்கிவிடும். மீனை விற்ற கடைக்காரர் ஒரு வழி சொன்னார். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைக்க வேண்டும், அதற்குச் சம்ப் என்று பெயர். மேல்தொட்டியில் மட்டம் ஏறினால், ஓரத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் வழிந்து சம்பில் விழும். அங்கே பஞ்சும் கல்லும் வடிகட்டும். சுத்தமான தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் மறுபடி மேலே தள்ளும். கேட்டால் யாருக்கும் புரியும். ஆயிரத்தடியாருக்கும் புரிந்துவிட்டது, வினையே அதுதான்.

"கண்ணாடியில ஓட்டை போடறதக் கடையிலயே குடுத்துருங்கண்ணா" என்றேன்.

"ஏனுங் தம்பி, பாறையவே தொளைச்சவன் இந்தக் கண்ணாடிக்கு ஆள் தேடோணுமா?"

காலித் தொட்டியை ஹாலின் நடுவில் வைத்தார். உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி தொட்டியைச் சுற்றி நடந்தார். நிலத்தடி நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது போர்க்காரர்கள் நம்பிக்கை. சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்ணாடிப் பெட்டியில் அது எந்த நீரோட்டத்தைத் தேடியதோ தெரியாது. பின்பக்க மூலையில் எழுந்து நின்றுவிட்டது.

"பாயிண்ட் கெடச்சிருச்சுங்க!"

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, ட்ரில்லிங் மெஷினை மூலையில் வைத்து உடம்பின் மொத்த எடையையும் கொடுத்து அழுத்தினார். தொட்டி ஒரே சத்தத்தில் இரண்டாகப் பிளந்தது. பக்கெட்டில் இருந்த மீன் தலையை நீட்டிப் பார்த்தது. ஆயிரத்தடியார் விரிசலை விரலால் தடவி ஆராய்ந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அடியில லூஸ் பாறைங்க."

அடுத்த தொட்டி கடையிலேயே ஓட்டை போட்டு வந்தது. ஆனால் மோட்டார் விஷயத்தில் அவர் இறங்கிவரவில்லை. கடைக்காரர் கொடுத்த மோட்டார் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதைக் கையில் வாங்கவே அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய பழைய மோட்டாரைக் கொண்டுவந்து சம்பில் பொருத்தினார். அது மேலே தள்ளிய வேகத்துக்கு, வழியும் பைப்பால் கீழே இறக்க முடியவில்லை. நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் தண்ணீர் வந்தது. அதில் படியோரம் விட்டிருந்த என் செருப்பும் வந்தது.

பதறி மேலே ஓடினேன். தொட்டி நாலா பக்கமும் வழிகிறது. மீன் சோபாவுக்கு அடியில் துள்ளுகிறது. அவர் மனைவி பூங்கொடி அக்கா ஈரத்துண்டோடு அதைத் துரத்துகிறார். ஆயிரத்தடியாரோ முழங்கால்வரை நனைந்து நின்றுகொண்டு கைதட்டுகிறார்.

"வந்துருச்சு சாமி! தண்ணி வந்துருச்சு!"

பாவம், பழக்கதோஷம். அவர் தொழிலில் தண்ணீர் பொங்கி வழிந்தால் கைதட்டத்தான் வேண்டும், மாலை போடுவார்கள், சில இடங்களில் கோழி அடித்து விருந்தும் உண்டு. அக்கா ஸ்விட்சை அணைத்த பிறகுதான் அது தன் சோபா என்பது அவருக்கு உறைத்தது.

பிறகு சின்ன மோட்டார் வந்தது. கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில்தான் அடுத்த கூத்து. தண்ணீரை மேலே கொண்டுவரும் பைப்பின் வாயை அவர் தொட்டியின் அடிமட்டம்வரை இறக்கி வைத்திருந்தார். ஆழமாக இறக்கினால்தான் பைப்புக்கு மரியாதை என்பது அவர் சித்தாந்தம். மோட்டார் நின்றதும், அதே பைப் வழியாகத் தொட்டித் தண்ணீர் தலைகீழாக இறங்க ஆரம்பித்தது. சம்ப் நிரம்பி, ஹால் நிரம்பி, வழக்கம்போல் என் வாசலுக்கும் வந்தது. தொட்டியில் மிஞ்சிய துளித் தண்ணீரில் மீன் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங்க, இன்னொருக்கா இந்த ஊட்டுத் தரையில தண்ணி நின்னுச்சுன்னா, உங்க மீனு தோட்டத்துக் கெணத்துக்குப் போயிரும். அப்பறம் என்னையச் சொல்லப்படாது."

அக்கா சொன்னால் செய்பவர். அந்தக் கிணற்றில் இருக்கும் விரால்களும் சாமானியப்பட்டவை அல்ல. செல்லமாக வளர்ந்த ஆஸ்கருக்கு அங்கே ஒரு பொழுது தாங்காது.

மறுநாள் மாலை ஆயிரத்தடியார் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"பேசாமக் கோழி வளத்துங்கண்ணா. நாமக்கல் ஜில்லாவுல பொறந்துட்டு மீன் எதுக்கு? முட்டைக்காச்சும் ஆகும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நான் போட்ட போர்ல பாதி தண்ணியில்லாத வெறும் புழுதிங்க. காட்டுக்கார வெவசாயி பொண்டாட்டி புள்ளையோட பக்கத்துலயே நிப்பான். கழுத்துல கெடந்தத வித்துட்டு நிப்பாங்க. புழுதி பறக்கும். நான் வண்டிய எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிருவேன். கண்ண மூடுனா அந்த மொகமெல்லாம் வருதுங்க. இப்பக் காலைல எந்திரிச்சா, என்ற ஊட்ல தண்ணி நிக்குது, அதுல ஒரு உசுரு நீந்துது. அதப் பாத்தாத்தான் மனசு ஆறுது."

எனக்கு அவமானமாக இருந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டு விவரம் கேட்டு அவரிடம் சொன்னேன்: "பைப்ப வெட்டி, வாய் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இருக்கற மாதிரி மேல தூக்கோணுமாம். கரண்டு போனா உடனே காத்து இழுத்து நின்னுருமாம். சம்பையும் பாதிதான் நிரப்போணுமாம்."

"பைப்ப வெட்டி மேல தூக்கறது தோத்தவன் பண்ற வேலைங்க தம்பி" என்றார். அன்று முழுக்க ஆக்ஸா பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அறுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. அக்கம்பக்கத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் பக்கெட்டோடு போனேன். மீனைக் கிணற்றுக்குக் கொண்டுபோக அக்கா குடத்தைத் தயாராக வைத்திருந்தார். அக்காவே மோட்டாரின் ஸ்விட்சை அணைத்தார்.

சம்பில் மட்டம் ஏறியது. பாதியைத் தாண்டியது. விளிம்பை நெருங்கியது. ஆயிரத்தடியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்போது பைப் 'கொர்ர்' என்று காற்றை இழுத்தது. தண்ணீர் அப்படியே நின்றது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

அவர் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்த கையை எங்கள் எல்லோரிடமும் காட்டினார்.

"நின்னுருச்சுங்க" என்றார். "தண்ணி நின்னுபோச்சுன்னா எப்பவும் எனக்கு வவுறு எரியும். நின்னதுக்குச் சந்தோசப்படறது ஆயுசுல இதான் மொத வாட்டி."

அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினார். "இருந்துட்டுப் போவட்டும்" என்று அங்கிருந்து குரல் வந்தது.

மேல்மாடி ஓனர் தொல்லை இல்லாத வீடாகப் பார்த்துப் போய்விடச் சொல்கிறார்கள் நண்பர்கள். இரண்டு மூன்று வீடுகளைக் காட்டவும் செய்தார்கள். நான் போகவில்லை. அந்த மனிதர் என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருக்கும் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.