ஒத்தைக் காத்தாடி

ராயப்பன் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு டிரான்ஸ்போர்ட் அறைக்குள் நுழைந்தபோது துலுக்கானம் ஏற்கெனவே மேகத்துக்கு மேலே இருந்தான். அதுவும் ஜெட்டில்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை கீபோர்டு மேல், இன்னொரு கையில் டீ கிளாஸ். பின்னால் மற்ற டிரைவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். திரையில் ஜெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடலோரமாக ஒரு வட்டம் அடித்து, ஓடுபாதையில் பூப்போல இறங்கியது. துலுக்கானம் ஒரு வாய் டீ குடித்தான்.

“போதும்பா, கண்ணு வலிக்குது,” என்று எழுந்தான். “அண்ணாத்தே, நீ குந்து.”

ராயப்பன் உட்கார்ந்தான். கீபோர்டில் எந்தச் சாவியைத் தட்டினாலும் அவனுக்கு வருவது மூக்கில் ஒரே ஒரு காத்தாடி சுற்றும் குட்டி விமானம்தான். அது முக்கி முனகி மேலே ஏறி முடிப்பதற்குள் பின்னால் நின்ற கூட்டம் டீ குடிக்கப் போயிருந்தது.

இது தினமும் நடந்தது.

மெட்ராஸ் பாடியில் பம்பு செய்கிற தொழிற்சாலை அது. காலை ஷிப்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் டிரைவர்களுக்குச் சாயங்காலம் வரை வேலை கிடையாது. சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஆட்டம் சட்டைக் கிழிப்பில் போய் நிற்கவே, டிரான்ஸ்போர்ட் ஆபீசர் பால்ராஜ் சீட்டுக்கட்டைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். டீசல் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை ஏற்றி, வண்டி ஓட்டுகிறவன் வண்டி ஓட்டித்தான் விளையாட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரையே அதிசயமாகப் பார்த்த காலம். டிரைவர்கள் சீட்டுக்கட்டை மறந்தே போனார்கள்.

ராயப்பன் முத்தாபுதுப்பேட்டை ரூட்டில் பெரிய பஸ் ஓட்டுகிறவன். ஹெவி லைசென்ஸ் வாங்கி, அது நைந்துபோய், வேறு புத்தகம் வாங்கியவன். துலுக்கானமோ நசரத்பேட்டையிலிருந்து வேன் ஓட்டுகிற பொடியன். போன பொங்கலுக்குத்தான் அவனுக்கு ஹெவி லைசென்ஸ் கிடைத்தது. வேன்காரன் ஜெட்டில் பறக்க, பஸ்காரன் ஒத்தைக் காத்தாடியில் தடவிக்கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

ராயப்பனுக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டான். மனைவி சகாயம்மாள் அதை அல்சர் என்று எடுத்துக்கொண்டு காரத்தை நிறுத்தி, மூன்று வேளையும் மோர்சாதமாகப் போட்டாள். துலுக்கானத்தால் மீன்குழம்பும் போனது.

இதுவாவது பரவாயில்லை. கம்பெனிக்குப் புது பஸ் வரப்போகிறது, நல்ல குஷன் சீட்டு, பெரிய கண்ணாடி, அதை யாரிடம் கொடுப்பது என்று ஆபீசர் வெள்ளிக்கிழமை சொல்வார் என்று பேச்சு அடிபட்டது. அந்தப் பஸ்ஸை முத்தாபுதுப்பேட்டைத் தெருவுக்குள் திருப்பிக்கொண்டு வருவதாக ராயப்பன் பல நாளாகக் கனவு கண்டுகொண்டிருந்தான். கனவில் சகாயம்மாள் வாசலில் நின்று பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதுதான் முக்கியம்.

ஆனால் துலுக்கானம் ஜெட் ஓட்டும்போதெல்லாம் ஆபீசரும் வந்து நிற்க ஆரம்பித்திருந்தார். பள்ளிக்கூட விழாவில் சொந்தப் பிள்ளை மேடையேறியதைப் பார்க்கிற மாதிரி ஒரு முகம். “வளைக்கிற அழகப் பாருங்கப்பா,” என்று மற்றவர்களிடம் வேறு சொல்வார். துலுக்கானம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வான். அந்த அடக்கத்தைப் பார்க்கும்போதுதான் ராயப்பனுக்கு அவனை அப்படியே தூக்கிக் கூவத்தில் போடலாமா என்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலிட்டிருந்தபோது, துலுக்கானத்தின் ஜெட் கடலில் விழவேண்டும் என்று ராயப்பன் மாதாவிடம் கேட்டுக்கொண்டான். கேட்டபிறகு பயம் வந்துவிட்டது. விழவேண்டாம், இறங்கும்போது கொஞ்சம் கோணலாக இறங்கினால் போதும் என்று திருத்திக்கொண்டான்.

திங்கட்கிழமையும் அது நேராகத்தான் இறங்கியது.

மானத்தை விட்டு, ஜெட்டை எங்கிருந்து எடுக்கிறாய் என்று துலுக்கானத்திடமே கேட்டுப் பார்த்தான்.

“அதெல்லாம் கை வாக்கு, அண்ணாத்தே. சொன்னா வராது,” என்றான் துலுக்கானம். “ஒத்தக் காத்தாடி உனுக்கு நல்லா செட்டாயிகீது. அத வுட்றாத.”

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. அன்றைக்கு எல்லாரும் சாப்பிடப் போனபிறகு ராயப்பன் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாகத் தட்டித் தட்டி, கடைசியில் விமானங்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தான். எல்லாம் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்கள். முதல் வரி ஒத்தைக் காத்தாடியாகத்தான் இருக்கும். மறுநாள் கூட்டம் கூடியிருக்கும்போது இரண்டாவது வரியைத் தட்டினான்.

வந்த விமானத்துக்கு இறக்கைக்கு மேல் இன்னொரு இறக்கை இருந்தது.

ராயப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெட்ராஸில் மாடி பஸ்ஸுக்கு மிஞ்சிய வண்டி உண்டா? மாடி பஸ் ஓட்டுகிற டிரைவருக்கு டிப்போவில் இருக்கிற மரியாதையே தனி. அப்படியானால் மாடி வைத்த விமானம் ஜெட்டுக்கும் மேலாகத்தானே இருக்கவேண்டும்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இது டபுள் டெக்கர் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

ஆபீசர் குனிந்து திரையைப் பார்த்தார். அது முதல் உலகப்போரில் ஓட்டிய விமானம், இப்போது மியூசியத்தில்தான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

துலுக்கானம் சிரிக்கவில்லை. அக்கறையாகக் கேட்டான். “அண்ணாத்தே, மேல் மாடிக்கு கண்டக்டர் யாரு?”

அந்தச் சிரிப்பு கேன்டீன் வரைக்கும் போனது. டீ கொண்டுவந்த கன்னியம்மாள்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை ராயப்பன் இன்னும் ஒரு வரி கீழே இறங்கினான். இந்தத் தடவை நிஜமாகவே ஜெட் வந்தது. ஒரு நொடி அவன் கண் கலங்கியதென்றே சொல்லவேண்டும். வேகத்தைக் கூட்டினான். ஒத்தைக் காத்தாடி ஓடுபாதையில் ஓடும்போது நாலு யோசனை யோசிக்கலாம். ஜெட்டில் ஒன்றுகூட யோசிக்க முடியவில்லை. கட்டடங்கள் எல்லாம் மூஞ்சிக்கு நேராக ஓடிவந்தன. பதறிப்போய், பஸ் டிரைவர் செய்வதைத்தான் செய்தான். வலது காலைத் தூக்கி பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

மேஜைக்கு அடியில் பிரேக் இல்லை. ஸ்விட்ச் போர்டு இருந்தது.

திரை இருண்டது. ஜெட் போயிற்று. அதோடு, ஆபீசர் காலையிலிருந்து அடித்து, பாதியில் விட்டுவைத்திருந்த டீசல் கணக்கும் போயிற்று. ஆபீசர் திட்டியிருந்தால் ராயப்பன் தாங்கிக்கொண்டிருப்பான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் முதலிலிருந்து அடிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார், போய்விட்டார். புது பஸ்ஸின் பெரிய கண்ணாடியில் விரிசல் விழுந்ததாக ராயப்பனுக்குத் தோன்றியது.

அன்றைக்கு மோர்சாதமும் இறங்கவில்லை. உட்கார்ந்து தீவிரமாக யோசித்தான். ஷெட்டுக்கு வெளியே வண்டிகளின் நம்பர் எழுதிய பலகை இருக்கிறது. பழைய வண்டி மேலே, புதுசாக வாங்கியது கீழே. உலகத்தில் எல்லாப் பலகையும் அப்படித்தானே எழுதியிருப்பார்கள்? அப்படியானால் பட்டியலின் கடைசி வரியில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் புதுசு, பெரிசு. ஜெட்டையே தூக்கிச் சாப்பிடுகிற வண்டி. இது தெரியாமல் நடுவரியில் மாட்டிக்கொண்டு அடிபட்டோமே என்று நொந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை. புது பஸ்ஸின் சாவி ஆபீசரின் சட்டைப்பையில் இருந்தது. வளையம் வெளியே தெரிந்தது. வழக்கம்போல ஜெட் இறங்கியது, துலுக்கானம் எழுந்தான். ராயப்பன் யாரையும் டீ குடிக்கப் போகவிடவில்லை. இன்றைக்கு ஒரு வண்டி காட்டுகிறேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்று நிறுத்திவைத்தான். ஆபீசரையும் இருக்கச் சொன்னான். கடைசி வரிக்குப் போய்த் தட்டினான்.

நீளமான, மெல்லிய, வெள்ளை இறக்கைகள். விமானம் எடுத்த எடுப்பிலேயே ஆகாயத்தில் நின்றது. சத்தமே இல்லை. ராயப்பன் ஸ்பீக்கரைத் திருகினான். காற்று மட்டும் உஸ்ஸென்றது.

“இதுக்குக் காத்தாடியே காணோமே, அண்ணாத்தே,” என்றான் துலுக்கானம்.

“ஜெட்டுக்கு மட்டும் இருந்துச்சா?” என்றான் ராயப்பன் திரும்பாமலே.

ஆபீசர் தொண்டையைக் கனைத்தார். “ராயப்பன், அது கிளைடர். அதுல இன்ஜினே கிடையாது.”

இன்ஜின் இல்லாத வண்டியை ராயப்பன் ஊரைக் கூட்டிவைத்து எடுத்திருக்கிறான். விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தான். அப்போதுதான் அவன் கையும் உடம்பும் தாமாகவே அமைதியாயின. இன்ஜின் இல்லாமல் சரிவில் உருளுகிற வண்டியை அவனுக்குத் தெரியும். அதை முறுக்கக்கூடாது, அவசரப்படுத்தக்கூடாது, போகிற போக்கில் விட்டு ஒரு விரலால் வழி காட்டவேண்டும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினான். வேகம் எடுக்க விட்டான். மெதுவாகத் திருப்பினான். ஓடுபாதை எதிரே வந்ததும் மூக்கை ஒரு நூல் தூக்கினான். கிளைடர் தரையைத் தடவி, உருண்டு, கோட்டுக்கு நடுவில் நின்றது.

முதலில் கைதட்டியது ஆபீசர்தான். தனக்கே அதை ஒருநாளும் ஒழுங்காக இறக்க வந்ததில்லை என்றார். ராயப்பன் தோளில் கையை வைத்தார். இன்னொரு கை சட்டைப்பைக்குப் போனது.

“எங்கய்யா கத்துக்கிட்டே இத?”

எல்லாம் மாதா புண்ணியம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாவி கைக்கு வந்திருக்கும். ஆனால் பக்கத்திலேயே துலுக்கானத்தின் முகம் இருந்தது. வாடிப்போன அந்த முகத்தைப் பார்க்க ராயப்பனுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் வாட்டிப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

“இதுல இன்னா சார் கீது, டெய்லி பண்றது தானே,” என்றான். “பாடி பாலத்து உச்சிக்கு வந்தவுடனே பஸ்ஸு இன்ஜின ஆஃப் பண்ணிடுவேன். சரிவுல அப்டியே வுட்டா, நம்ம கேட்டு வரைக்கும் சத்தமில்லாம வந்து நிக்கும். டீசலும் மிச்சம்.”

ஆபீசரின் கை பைக்குள்ளேயே நின்றது. “உள்ள ஆளுங்கள வெச்சிக்கிட்டா?”

“ஃபுல் லோடு சார். லோடு இருந்தாத் தான் நல்லா உருளும்.”

ஆபீசர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “காத்துல பிடிக்கிற பிரேக்குய்யா அது. இன்ஜின் நின்னுபோச்சுன்னா காத்து எங்கேருந்துய்யா வரும்?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ராயப்பன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

புது பஸ்ஸின் சாவியும் முத்தாபுதுப்பேட்டை ரூட்டும் துலுக்கானத்துக்குப் போயின. ராயப்பனை ஒரு மாதம் ஷெட்டில் வண்டி கழுவச் சொல்லி உத்தரவு. முத்தாபுதுப்பேட்டைத் தெருவுக்குள் இனிமேல் புது பஸ்ஸைத் திருப்பப்போவது துலுக்கானம். சகாயம்மாளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் நின்று அவனைத்தான் பார்ப்பார்கள்.

ராயப்பன் பழைய பஸ்ஸின் படிக்கட்டில் போய் உட்கார்ந்தான். கன்னியம்மாள் டீ தூக்குடன் வந்து, கேட்காமலே ஒரு கிளாஸ் ஊற்றிக்கொடுத்தாள். அவனுக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“பஸ்ஸு போனா போவுது, கன்னிம்மா. ஒரு வேன் ஓட்றவனுக்கு அந்த ஜெட்டு எப்டி கைக்கு வந்துச்சு? அதான் எனுக்கு ஆறவே மாட்டுது.”

கன்னியம்மாள் அவனை ஒரு நிமிஷம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“அவன் எங்க அண்ணாத்தே ஓட்னான்? அது ஆபீசரு ஓட்டுனப்போ அந்தக் கம்ப்யூட்டரு பொட்டியே புடிச்சி வெச்ச படம். உன் பஸ்ஸு கேட்டுல நொழையறத ஜன்னல்ல பாத்தாத் தான் துலுக்கானம் அதப் போட்டுக்கினு எதுருல போயி குந்துவான்.”