சேட்டிலைட்டில் பார்த்த பாயிண்ட்

தேங்காய் மாமா தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அல்ல, வாரத்துக்கு இரண்டு தடவை.

நாமகிரிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவருடையது. போர்வெல் போடுகிறவர்களுக்கு நிலத்தில் தண்ணீர் பாயிண்ட் பார்த்துச் சொல்வது தொழில். குடுமி வைத்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வெறுங்காலோடு காட்டைச் சுற்றி வருவார். தேங்காய் எங்கே எழுந்து நிற்கிறதோ அங்கே கீழே தண்ணீர் என்று கணக்கு. அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, "ரிக்கைக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். துளை போடும் வண்டிதான் ரிக். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தண்ணீர் வராத இடங்களைப் பற்றிக் கேட்டால்தான் மாமாவின் திறமை முழுசாக வெளிப்படும். வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் ராடு மேல் ராடாகக் கம்பியை இறக்கியும் வெறும் கல்தூள் புகைதான் வந்தது. மாமா அசரவில்லை. "தண்ணி இருக்குதுங்க. அந்த ரிக்குக்காரன் கம்பிய கோணையா உட்டுப்போட்டான்" என்றார். இன்னோர் இடத்தில் பூஜை நேரத்தில் வீட்டுக்காரர் தும்மிவிட்டாராம். வேறோர் இடத்தில், "நான் பாத்தப்ப இருந்துச்சுங்க. நீங்க ரிக்கைக் கூட்டியார நாளாக்கிட்டீங்க, நகந்து போயிருச்சு" என்றார். ஆனாலும் அவருடைய நிரந்தர எதிரி ரிக்குக்காரன்தான். மாமா வைக்கும் ரசத்தில் உப்புக் கூடினால்கூட எங்கோ ஒரு ரிக்குக்காரன்தான் காரணம் என்று வீதியில் சொல்லிச் சிரிப்போம்.

இனி என் பெருமையைச் சொல்லவேண்டும். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். பசங்களிடம் போனைப் பிடுங்குவதில் எனக்கு நிகர் நான்தான். போன் விளையாட்டால் மூளை எப்படிக் கூழாகிறது என்று காலைப் பிரார்த்தனையில் பத்து நிமிஷம் பேசுவேன். என் தலை தெரிந்தாலே வராந்தாவில் எல்லாப் பையும் தானாக மூடிக்கொள்ளும்.

அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கவேண்டும் என்றார் டாக்டர். நான் நடக்கவில்லை. ஏழாவது படிக்கும் என் மகள் இனியா என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். அதில் நம் ஊரின் வரைபடம் வரும். நாம் நடந்தால் அதற்குள் ஒரு பொம்மை நடக்கும். ரேஷன் கடை முன்னால், பால் சொசைட்டி பின்னால் என்று கண்ணுக்குத் தெரியாத பிராணிகள் ஒளிந்திருக்கும். அந்த இடத்துக்கே போய் நின்றால் போன் துடிக்கும், பிடித்துக்கொள்ளலாம். "ஒரு நாளைக்கு மட்டும் வாங்கப்பா" என்றாள். இரண்டு வாரத்தில் நான் மூன்று கிலோ இளைத்தேன், நூற்றுப் பன்னிரண்டு பிராணிகள் பிடித்திருந்தேன். என் மனைவி சுமதி துணைக்கு வருவதாகச் சொல்லிக்கொண்டு எங்களைவிட வேகமாக நடந்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தெரியாமல் இருக்க நான் மட்டும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவேன்.

ஒருநாள் சாயங்காலம் தேங்காய் மாமா வழிமறித்தார். "என்ன சாமி தேடறீங்க?" என்று இனியாவிடம் கேட்டார். அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். மாமா முகம் மலர்ந்துவிட்டது.

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா அங்க இருக்குது. மேல போய் நின்னா கைக்குத் தெரியும். அப்படித்தான சாமி?"

"ஆமாங்க மாமா."

"இது நம்ம தொழிலாச்சே."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான்கு பேர். தொழில் தெரிந்தவர் என்பதால் தலைமையும் அவரே எடுத்துக்கொண்டார். முதல் சட்டம், செருப்பைக் கழற்றவேண்டும். "தோலு தடுத்துப் போடும்." இரண்டாவது சட்டம், போனை இறுக்கிப் பிடிக்கக்கூடாது, உள்ளங்கையில் படுக்க வைக்கவேண்டும். "புடிச்சா அது எப்படிங்க பேசும்?" நாங்கள் நான்கு பேரும் வெறுங்காலோடு, கையில் போனை நைவேத்தியத் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு, முள்ளில் மிதித்து நொண்டியபடி ஊரைச் சுற்றி வந்தோம். பிராணி தப்பித்துப் போனால் மாமா வானத்தைப் பார்த்து, "டவருக்காரன் கோணையா உட்டுப்போட்டான்" என்பார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்ட் வாசலில், நடுரோட்டில் ஒரு பிராணி இருந்தது. மாமா கையைக் காட்டி டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார். "கொஞ்சம் பொறுங்க. புள்ள புடிச்சுக்கட்டும்." கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க மாமா, ரோட்டுலயா போரு போடப் போறாங்க?" என்றார். பஸ்ஸுக்குள் என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு புளியமரத்தின் பின்னால் நின்றேன். கண்டக்டர் கேட்ட கேள்வியில் எனக்கு ஒரு எச்சரிக்கை இருந்தது. மரத்துக்குப் பின்னால் இருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை.

இதுவரைக்கும் சிரித்தது போதும். இனிமேல் எழுதுவதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமா கெங்கவல்லியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே நல்லப்பண்ணன் தோட்டத்தில் அரிய பிராணி ஒன்று இருப்பதாக வரைபடம் காட்டியது. நாங்கள் மூவரும் வரப்பில் ஏறினோம். மாமா இல்லாவிட்டாலும் பழக்கம் விடவில்லை, செருப்பைக் கழற்றினேன், போனை உள்ளங்கையில் படுக்க வைத்தேன். மஞ்சள் பயிர் ஓரத்தில் போன் துடித்தது. "இங்கதான், இங்கதான்" என்று கத்தினேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து நல்லப்பண்ணன் வந்தார். அவர் மகன் என் வகுப்பில்தான் படிக்கிறான்.

"வாத்தியாருங்களா? என்னுங்க, பாயிண்ட் பாக்கறீங்களா?"

பொம்மை பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் நான் எந்த முகத்தோடு நிற்பது? "ஆமாங்க" என்றேன்.

"போன்லயேங்களா?"

"சேட்டிலைட்டுங்க."

சேட்டிலைட் என்பது உண்மைதான். அந்த விளையாட்டு வேறு எதை வைத்து ஓடுகிறது? நான்கு நாட்கள் இப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அவர் கண்கள் ஈரமாகிவிட்டன. "கெணறு காஞ்சு போச்சுங்க. மஞ்சளுக்கு இன்னும் ரெண்டு மாசம் தண்ணி வேணும். ஒரே ஒரு போருக்குத்தானுங்க வக்கு இருக்குது, எங்க போடறதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன். சாமியாட்ட வந்தீங்க." நான் நின்ற இடத்தில் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். இனியா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குப் போய்ச் சொல்லிப்போடுங்க" என்றாள் சுமதி, வரும் வழியில். நாளைக்கு என்றேன். திங்களும் போயிற்று, செவ்வாயும் போயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் மாமா ஊர் திரும்பினார். மறுநாள் நல்லப்பண்ணன் தோட்டத்துக்கு ரிக் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஓடிப்போய் மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"செருப்பைக் கழட்டுனியா?" என்றார்.

"கழட்டுனனுங்க."

"போன படுக்க வெச்சிருந்தியா?"

"ஆமாங்க மாமா."

"காலைல போய் உள்ளதச் சொல்லிப்போடலாம். நானும் வாரேன்."

காலையில் நாங்கள் போவதற்குள் ரிக் வேலையை ஆரம்பித்துவிட்டது. கல்லுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, ஏகப்பட்ட சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். நல்லப்பண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய், "நம்ம வாத்தியாருங்க. சேட்டிலைட்டுல பாத்துக் குடுத்தாரு" என்று எல்லோருக்கும் காட்டினார். மாமா என்னைப் பார்த்தார். அப்போதே வாயைத் திறந்திருந்தால் பாதி ராடாவது மிச்சமாகியிருக்கும். நான் திறக்கவில்லை. எப்படியாவது தண்ணீர் வந்துவிட்டால் சொல்லவே தேவையில்லையே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். விதிகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போடும் இயற்பியல் வாத்தியாரான நான், ஒரு பொம்மை நின்ற இடத்தில் தண்ணீர் வரவேண்டும் என்று மனசுக்குள் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

புகைதான் வந்தது. மத்தியானம் வரைக்கும் புகை. கல்தூள் படிந்து மஞ்சள் இலையெல்லாம் வெளுத்துப்போய், கூட்டமும் வெளுத்துப்போய் நின்றது. ரிக்குக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையை விரித்தார். நல்லப்பண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே?"

நான் நின்றுபோன ரிக்கைப் பார்த்தேன்.

"அவர ஏனுங்க கேக்கறீங்க?" என்று மாமா முன்னால் வந்தார். "எடத்தைக் காட்டுனது நான். வாத்தியாருகிட்ட போன வெச்சு ஒருக்காச் சரி பாக்கச் சொன்னேன், அவ்வளவுதான். தப்பு என்னுதுங்க."

அதைச் சொன்னபோது ரிக்குக்காரர் பக்கத்திலேயேதான் நின்றார். மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தும்மல், தாமதம், கோணக் கம்பி எதையும் சொல்லவில்லை.

கூட்டம் பிடித்துக்கொண்டது. தேங்காய் உருட்டிப் பிழைக்கிறவன் என்றார்கள். வயசுக்குத் தக்க புத்தி வேண்டாமா என்றார்கள். நல்லப்பண்ணன், "இனி எந்தோட்டத்துல கால் வெக்காதீங்க" என்றார். மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ என்னிடம், "அப்படியாங்க வாத்தியாரே, இவரு சொல்லித்தான் பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு மாமாவை யாரும் பாயிண்ட் பார்க்கக் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கெங்கவல்லிக்கே போய்விட்டார். போகும்போது இனியாவிடம், "செருப்பு போட்டுக்கிட்டு வெளையாடாத சாமி" என்று மட்டும் சொன்னார். அவள் விளையாட்டைப் போனிலிருந்து எடுத்துவிட்டாள். என்னோடு தேவைக்குமேல் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். நான் மறுபடி மூன்று கிலோ கூடினேன்.

போன வாரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நல்லப்பண்ணன் வந்தார். பாதி மஞ்சள் போக, மீதியைப் பக்கத்துத் தோட்டத்துத் தண்ணீரில் காப்பாற்றியிருந்தார். "எங்க சாமி அந்தத் தேங்காய் மாமா? ஊர ஏமாத்திப்போட்டு ஓடிட்டாரா?" என்று இனியாவைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தோட்டத்தில் பார்த்த அதே பார்வை.

"அவரு இல்லைங்க" என்றேன். "நாந்தானுங்க." எல்லாவற்றையும் சொன்னேன். தக்காளிக்காரம்மா எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வெளையாட்டாங்க?" என்றார் நல்லப்பண்ணன்.

"ஆமாங்க. பொம்மை புடிக்கற வெளையாட்டு."

"நாப்பத்தாறு வயசுலயா?"

"ஆமாங்க."

அவர் கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன். அவர் கோபப்பட்டதைவிட வருத்தப்பட்டதுதான் அதிகம். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பனுங்களே" என்றார். எதற்காக இத்தனை நாள் பயந்தேனோ அது இவ்வளவுதான். என் மானத்தின் அளவு ஒரு சிரிப்பு. அதைக் காப்பாற்றத்தான் அவருடைய பாதி மஞ்சளையும் மாமாவின் பேரையும் கொடுத்திருக்கிறேன்.

நல்லப்பண்ணன் உடனே கெங்கவல்லிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். "மாமா, வாத்தியாரு எல்லாத்தையும் சொல்லிப்போட்டாருங்க. உங்களைப் பேசுனது தப்புங்க. நீங்க அந்த எடத்தையே பாக்கலையாமாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்று பழைய குரல் வந்தது.

"அவரு கெடக்கறாருங்க. வாத்தியாரு பாத்த எடத்துல தண்ணி இருக்குதுங்க. அந்த ரிக்குக்காரன்தான் கம்பிய கோணையா உட்டுப்போட்டான்."

இத்தனை வருஷமாகத் தன்னுடைய பாயிண்டுகளுக்கு மட்டும் வைத்திருந்த சாக்கு அது. அதை எனக்குக் கொடுத்துவிட்டார். சந்தை நடுவில், பசங்களின் அப்பா அம்மாக்கள் பார்க்க, கையில் கத்தரிக்காய்ப் பையோடு நான் அழுதேன். துண்டால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. இனியா பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கெங்கவல்லி போகிறோம். விளையாட்டை அவள் மறுபடி போனில் ஏற்றியிருக்கிறாள். தேங்காய் மாமா தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்ததில்லை. இதை இப்போது நான் சொல்கிறேன்.