அண்டார்டிகாவில் எங்கள் கடை விதை

திண்டிவனத்திலிருந்து பூமியின் தென்கோடி வரை போய், அங்கே கால் வைக்காமலே திரும்பி வந்த ஆள் அனேகமாக நான் ஒருவன்தான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஏழு வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்று எந்த வீட்டுக்குப் போனாலும், இலை போடுவதற்குள் யாராவது ஒருவர் அந்தக் கப்பல் கதையைக் கேட்டுவிடுகிறார். (கருமாதி வீட்டில்கூடக் கேட்டார்கள். சொன்னேன். சிரித்தார்கள்.) எழுதி வைத்துவிட்டால் இனிமேல் தாளை நீட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

எனக்குத் திண்டிவனத்தில் விதைக் கடை. மல்லாட்டை விதைதான் முக்கியச் சரக்கு. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், அது அவர்கள் பாடு. எங்கள் ஊர்ப் பெயரையே வைத்த ரகங்கள் உண்டு என்பதால் எங்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் திமிரும் உண்டு. மூட்டை வந்து இறங்கினால் நாலு பருப்பைக் கையில் எடுப்போம். ஒன்றைக் கடித்துப் பார்ப்போம். மிச்சம் மூன்றும் சட்டைப் பைக்குள் போய்விடும். ஏன் போகிறது என்று கேட்டால் தெரியாது. என் மனைவி ஜெயந்தி துணி துவைப்பதற்கு முன்னால் என் பைகளைக் கவிழ்த்துத்தான் வாரத்துக்கு ஒருநாள் சட்னி அரைக்கிறாள்.

என் தங்கை பவானி என்னைவிடப் பதினாலு வயது இளையவள். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் நான்தான் படிக்க வைத்தேன். விலங்கியல் படித்தாள், பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள், பிறகு ஒருநாள் அண்டார்டிகாவுக்குப் போகும் சின்னப் பயணக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன வேலை என்று எனக்கே சரியாக விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் விழுப்புரத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறார். அவருடைய அப்பா என் கடைக்கே வந்து உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு கப்பல்ல இன்னா வேல பாக்குதுங்க?"

"பெங்குவின் பத்திப் பாடம் நடத்துதுங்க."

"யாருக்குங்க, பெங்குவினுக்கா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார், ஆனால் மறுபடி பேச்சு எடுக்கவில்லை. கப்பலில் வேலை பார்க்கிற பெண் என்றால் ஊரில் நாலு விதமாகப் பேசுவார்கள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால், ஊழியர் குடும்பத்துக்குச் சலுகையில் ஓர் அறை இருக்கிறது, வருகிறாயா என்று பவானி கேட்டபோது, மார்கழிப் பட்டம் விதைப்பு நேரம் என்றுகூடப் பார்க்காமல் சரி என்றுவிட்டேன். கடையை ஜெயந்தி பார்த்துக்கொண்டாள். (என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அது வேறு கதை.)

குளிருக்கு என்று சென்னையில் ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினேன். அதில் உள்ளும் வெளியுமாகப் பத்துப் பைகள். இப்படி ஒன்றைப் போட்டுப் பழக்கமில்லையே, அங்கே போய்த் தடுமாறக் கூடாதே என்று, கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாரம் அதைக் கடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதுக்கு உண்டான புத்தி இருந்திருந்தால், திண்டிவனம் வெயிலில், மின்விசிறிக்கு அடியில், அண்டார்டிகா ஜாக்கெட்டோடு மூட்டை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? கடைக்கு வந்தவர்கள் காய்ச்சலா என்று விசாரித்தார்கள். அந்த ஒரு வாரமும் மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. மேலே சொன்ன பழக்கத்தை நினைவில் வையுங்கள்.

கப்பல் என்றதும் நீச்சல் குளமும் ஆட்டம் பாட்டமுமாக ஒரு நகரமே மிதக்கும் என்று நினைத்திருந்தேன். தென் அமெரிக்காவின் நுனியில் போய் நின்றால், எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்தது போல ஒன்று நின்றது. நூறு பயணிகள். நீச்சல் குளத்துக்குப் பதில் ஒரு நூலகம். ஆட்டத்துக்குப் பதில் ஒரு வகுப்பறை, அதில் காலையும் மாலையும் பாடம். கேப்டன் கப்பல் ஓட்டும் அறைக்குள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். (போய்ப் பார்த்தேன். நம்மூர் லாரியில் திருஷ்டிக்குக் கட்டுவது போல எலுமிச்சம்பழம் எங்கும் கண்ணில் படவில்லை.) கீழ்த்தளத்தில் வரிசையாக ரப்பர் பூட்ஸ் மாட்டிய ஓர் அறை. கரைக்குப் போகிறவர்கள் அங்கேதான் பூட்ஸைக் கழுவி மாட்டிக்கொண்டு ரப்பர் படகில் ஏற வேண்டும். அதன் வாசலில் ஒரு பலகை, அதில் ஆளுக்கு ஒரு எண் வில்லை. இறங்கும்போது உன் வில்லையைத் திருப்பி வைக்க வேண்டும், ஏறியதும் மறுபடி திருப்ப வேண்டும். யாரையும் பனியில் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதற்காக. என் எண் அறுபத்து ஒன்று.

முதல் இரண்டு நாள் கடல் எங்களை முறத்தில் போட்டுப் புடைத்தது. அறையில் எல்லாவற்றுக்கும் தாழ்ப்பாள் இருந்தது, என் வயிற்றுக்கு மட்டும் இல்லை. ஏற்கெனவே நாலு விமானம் மாறி வந்த அலுப்பு. படுத்தால் தலை சுற்றியது, உட்கார்ந்தால் குமட்டியது. சந்தைக்குப் போய் விற்காமல் திரும்பி வந்த மாடு மாதிரி கிடந்தேன்.

இரண்டாம் நாள் மாலை பவானி அறைக்கு வந்தாள். மறுநாள் காலை கரை இறங்குகிறோம், அதற்கு முன்னால் இன்று எல்லோருடைய துணி, பை, பூட்ஸ் எல்லாவற்றையும் சோதனை போட வேண்டும் என்றாள். அந்தக் கண்டத்துக்குள் வெளி மண், வெளி விதை எதுவும் போகக் கூடாது, கடுமையான சட்டம். இந்தப் பயணத்தில்தான் முதல்முறையாக அந்தச் சோதனைக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணா, பாக்கெட்ட எல்லாம் நல்லா பாத்துக்கோ. ஒரே ஒரு வெத கெடச்சாக்கூட எனக்குப் பேஜாரு."

"எனக்கே வெதையப் பத்திச் சொல்றியா நீ?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பார்த்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அலுப்பு ஒரு பக்கம், கர்வம் ஒரு பக்கம்.

சோதனை அந்தப் பூட்ஸ் அறையில் நடந்தது. மேஜை மேல் வெள்ளைத் தட்டு, இடுக்கி, தூசு உறிஞ்சும் கருவி. ஒவ்வொருவராக வந்து பைகளை வெளியே இழுத்துக் காட்டினார்கள். புல் துணுக்கு, நூல், சாக்லேட் தாள் என்று ஏதோ கிடைத்தது. என் முறை வந்தது. பவானி என்னைப் பார்த்துச் சிரித்தபடி கருவியின் குழாயை முதல் பைக்குள் விட்டாள். கடகடவென்று ஒரு சத்தம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பைக்குப் பை உறிஞ்சி, கருவியைத் தட்டில் கவிழ்த்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. பதினோரு பருப்பு வெள்ளைத் தட்டில் வரிசையாகக் கிடந்தன. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பயணக் குழுவின் தலைவர் வந்தார். வெள்ளைத் தாடி, நல்ல உயரம், குனிந்துதான் வாசலுக்குள் நுழைவார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்பவும் பொறுமையாகக் கேட்டார். இது வறுத்ததுதானே, தின்பதற்கு வைத்திருந்ததுதானே, அல்லது முளைக்குமா?

மனிதர் எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார். பசிக்கு வைத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தலை குனிந்திருந்தால் போதும். பவானியின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் "முளைக்குமா?" என்பது இருபது வருடமாக என்னிடம் தினமும் கேட்கப்படும் கேள்வி. செஞ்சிக்காரர் கேட்பார், மயிலத்துக்காரர் கேட்பார், வாங்க வராதவரும் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூளை தேவைப்படுவதில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஹண்ட்ரட் பர்சென்ட் ஜெர்மினேஷன், சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எனி சாயில், சார். லெஸ் வாட்டர் ஆல்சோ, நோ ப்ராப்ளம்."

சொன்னதோடு விட்டேனா? பழக்க தோஷத்தில் கடை விசிட்டிங் கார்டையும் எடுத்து நீட்டினேன். அது பவானியின் குழாய் இன்னும் எட்டாத பத்தாவது பைக்குள் இருந்தது. கார்டோடு பன்னிரண்டாவது பருப்பு வந்து தலைவரின் பூட்ஸ் மேல் விழுந்தது.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார் தலைவர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஒரே ஆளிடம் இவ்வளவு கிடைத்ததால் நூறு பேருக்கும் மறுபடி முதலிலிருந்து சோதனை. மூன்று மணி நேரம். வயதானவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். ஒவ்வொருவரும் என்னைக் கடந்து போகும்போது என் ஜாக்கெட்டைப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர் பவானியிடம், இவர் நாளைக்கு இறங்கலாமா கூடாதா என்பதை நீதான் சொல்ல வேண்டும், கையெழுத்து உன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என்னை ஓரமாகக் கூட்டிப் போனாள்.

"அண்ணா, நாளைக்கி நீ எறங்க வேணாம்."

"இம்மாந் தூரம் வந்துட்டு எப்படிம்மா?"

"உன்ன உட்டுட்டேன்னா, நாளையிலேர்ந்து யாரு என் பேச்சக் கேப்பாங்க? உன் துணி அத்தினியும் துவைச்சு, நானே பாத்து, அப்புறமா எறக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. சைக்கிளில் வைத்து டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டவன் நான், எனக்கே உத்தரவா என்று. அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. ஜன்னல் முழுக்க வெள்ளை மலை. எல்லோரும் இறங்கிப் போனார்கள். பலகையில் தொண்ணூற்று ஒன்பது வில்லைகள் திரும்பியிருந்தன, அறுபத்து ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. மேல்தளக் கூடத்தில் ஜன்னலுக்கு ஜன்னல் தொலைநோக்கி வைத்திருப்பார்கள். ஒரு கோப்பை டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

பவானி முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். படகிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் மணிக்கட்டில் பிடித்து இறக்கினாள். முந்தின நாள் என்னால் கால் வலிக்க நின்ற கிழவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைகள் மாதிரி அவள் காட்டிய பக்கம் நடந்தார்கள். ஒரு பெங்குவின் குறுக்கே வந்தது. அவள் கையைத் தூக்கினாள். இருபது பேர் கேமராவோடு அப்படியே நின்றார்கள். எனக்கென்னவோ பெங்குவினும் ஒரு நொடி நின்றது போலத்தான் தெரிந்தது. விழுப்புரத்துப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. என் கோபம் போய்விட்டது. அழுகை வந்தது. என் தங்கை இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது. டீ ஆறிப்போயிருந்தது.

மாலையில் அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமா என்று கேட்டாள். குளிருகிறது என்றேன்.

"அங்கேர்ந்து ஒரு கல்லுகூட எடுக்கக் கூடாதுண்ணா. இல்லன்னா உனக்கு ஒன்னு எடுத்தாந்திருப்பேன்."

சொன்னபடி என் துணி எல்லாவற்றையும் துவைத்து, அவளே சோதித்து, ஜாக்கெட்டில் சுத்தம் என்று ஒரு சீட்டும் கட்டிக் கொடுத்தாள். ஆனால் அடுத்த மூன்று நாளும் காற்று. ரப்பர் படகை இறக்கவே முடியவில்லை. கப்பல் திரும்பிவிட்டது. உலகத்திலேயே சுத்தமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாளும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராக விழுப்புரம் போனேன். பவானி அங்கே என்ன வேலை பார்க்கிறாள் என்று விளக்க வேண்டுமானால், நான் அங்கே என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். மானத்தை வாங்கும் கதையை முதன்முதலாகச் சொன்னது அங்கேதான். பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சொந்த அண்ணனையே எறங்க உடாத பொண்ணுங்களா? ஜல்தி தேதியப் பாருங்க."

அவர் சும்மா இருக்கவில்லை, விழுப்புரம் பூராவும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மீட்சி இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும், குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தாலும், ஜெயந்தியிடம் ஒரு முழம் பூவை நீட்டினாலும், வாங்குகிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "முளைக்குமா?"

கல்யாணம் மயிலத்தில் நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்க நானும் ஜெயந்தியும் மேடை ஏறும்போது, கூறைப் புடவையில் உட்கார்ந்திருந்த பவானி நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டி, மெதுவாகச் சொன்னாள்.

"பாக்கெட்டக் காட்டுண்ணா."

புதுச் சட்டை. காலையில்தான் பிரித்துப் போட்டது. இருந்தாலும் விடியற்காலையில் ஒரு லோடு வந்திருந்தது. இரண்டு பருப்பு இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்தார்கள், ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பவானி அந்த இரண்டையும் வாங்கி, மேடையில் நவதானியம் தூவி வைத்திருந்த பாலிகைக் கிண்ணத்தில் போட்டு, விரலால் மண்ணுக்குள் அழுத்தினாள்.

ஐந்தாம் நாள் பாலிகையைக் குளத்தில் கரைக்க எடுத்தபோது ஜெயந்திதான் பார்த்தாள். நெல்லுக்கும் பயறுக்கும் நடுவில் இரண்டும் மண்ணைப் பிளந்துகொண்டு தலை தூக்கியிருந்தன. படம் எடுத்துப் பவானிக்கு அனுப்பினேன். அவள் அதற்குள் மாப்பிள்ளையோடு விழுப்புரம் போய்விட்டிருந்தாள். உடனே பதில் வந்தது.

"எனி சாயில்."